லியோனிடியோவா கலிம்னோஸா: 6பி ஏறுறவங்க டிசம்பர்ல எங்க போறது?

2025 அக்டோபர் 11, கேள்வி

நானும் என் வீட்டுக்காரரும் ஜெர்மனில இருக்கோம். ஜிம்ல பாறையேற்றத்துல 6பி லீட் பண்றேன் (ரோப்ப நானே மாட்டிக்கிட்டே ஏறுறது; 6பிங்கிறது ரூட் எவ்வளவு கஷ்டம்னு சொல்ற கிரேடு, 5சி அத விட ஈஸி, 7சி, 8ஏ ரொம்ப கஷ்டம்), வெளிப்பாறைல 5சி தாண்டினதில்ல. அவர் என்னை விட நல்லா ஏறுவார், என்னை விட நல்லா வெயிட்டும் இருப்பார். டிசம்பர் லீவுல கிரீஸ் போகலாம்னு பிளான். எல்லாரும் கலிம்னோஸ்ங்கிறாங்க, ஒரே ஒருத்தர் லியோனிடியோங்கிறார். யூடியூப்ல பாத்தா லியோனிடியோல எல்லாரும் 7சி, 8ஏன்னு கூரைல தொங்கிட்டு இருக்காங்க. எங்க மாதிரி ஆளுங்களுக்கு அது வேஸ்ட்னு தோணுது. ஊரும் சின்ன விவசாய ஊராம், பாறைய விட்டா ஒண்ணும் இல்லையாம். போனவங்க சொல்லுங்க.

2025 அக்டோபர் 12

வேஸ்ட்லாம் இல்லங்க. 6ஏ ரூட்ல ஒருத்தங்க நிதானமா ஏறுறத எந்த யூடியூப்காரன் வீடியோ போடப் போறான், அவனுக்கு கத்திக்கிட்டே தொங்குற ஆள்தான் வேணும். அங்க 5லயும் 6லயும் ரூட் எக்கச்சக்கமா இருக்கு, நான் ஏறினதெல்லாம் பெரும்பாலும் அதுதான்.

அதுக்கு முன்னாடி டிசம்பர் விஷயம். கலிம்னோஸ் தீவு. ஏறுறவங்க தங்குற மசூரி பக்கம் குளிர்காலத்துல முக்காவாசி பூட்டிருவாங்க, பக்கத்துல கோஸ் தீவுல இறங்கி ஃபெர்ரி பிடிக்கணும், காத்து ஜாஸ்தியா அடிச்சா ஃபெர்ரி நிக்கும், திரும்பி வர்ற ஃபிளைட்ட நெனச்சா வயித்துல புளிய கரைக்கும். லியோனிடியோ மெயின்லேண்ட்லயே இருக்கு, பெலோபொனீஸ் தீபகற்பத்தோட கிழக்குக் கரைல, ஆர்காடியாங்கிற பகுதில. ஏதென்ஸ்ல இறங்கி கார் எடுத்தா மூணு மூணரை மணி நேரம். அங்க சீசனே அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான். ஜூலைல ஊருக்கு மேல நிக்குற சிவப்புப் பாறைச் சுவர்ல கை வச்சா தோசைக்கல்லு.

கார் கண்டிப்பா வேணும்.

2025 அக்டோபர் 12, ராத்திரி

ஒண்ணு விட்டுட்டேன். கலிம்னோஸ மட்டமா சொல்லல. ஆண்ட்ரியா டி பாரிங்கிற இத்தாலிக்காரர் 1990கள்ல லீவுக்கு வந்த இடத்துல பாறையப் பாத்து போல்ட் (ரோப் மாட்டுறதுக்கு பாறைல அடிக்கிற இரும்பு) அடிக்க ஆரம்பிச்சது, கடல்ல ஸ்பாஞ்ச் எடுக்குற தொழில் படுத்துக் கிடந்த தீவுக்கு கிளைம்பிங்தான் புதுசா ஒரு வழி காட்டிச்சு. லியோனிடியோ ரொம்பப் பிந்தி, 2010கள்லதான் பெருசா வளந்துது. ஆனா ஒரு வித்தியாசம், மசூரி டூரிஸ்ட் இடம், லியோனிடியோ ஏற்கனவே தன் பாட்டுக்கு பொழச்சிக்கிட்டிருந்த ஊர். ஆலிவ், ஆரஞ்சு, கத்திரிக்காய், ஆடு. நாம போகலன்னாலும் அங்க காலைல கடை திறக்கும். எனக்கு அதுதான் பிடிச்சது. "ஒண்ணும் இல்ல"ன்னு உங்ககிட்ட சொன்னவர் ராத்திரி பதினோரு மணிக்கு மேல எதையோ தேடியிருப்பார்.

2025 அக்டோபர் 14

கிரேடு பத்தி கேட்டிருந்தீங்க. அங்க கிரேடு கஷ்டமா ஈஸியா? நான் இருக்குறது நியூரம்பெர்க், பக்கத்துல ஃப்ராங்கென்யூராங்கிற பாறை ஏறுற ஏரியா. கர்ட் ஆல்பர்ட் 1975ல பாறைக்கு கீழ சிவப்புப் புள்ளி வச்சு "இத கயித்துல தொங்காம முழுசா ஏறிட்டேன்"னு அடையாளம் போட ஆரம்பிச்ச அதே ஏரியா, ரெட்பாயிண்ட்ங்கிற பழக்கமே அங்க இருந்துதான் உலகம் முழுக்க போச்சு. பெருமைதான், ஆனா அங்க முதல் போல்ட்டே பல இடத்துல தலைக்கு ரொம்ப மேல இருக்கும், கிரேடுல தாட்சண்யமே கிடையாது. அங்க 5சி ஏறிட்டு வந்தவங்க லியோனிடியோல 6ஏ ஏறினா "அட, நான் இவ்வளவு நல்லா ஏறுவேனா"ன்னு தோணும். போல்ட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்.

ஆனா 6பி ஜிம் ஆளுக்கு அங்க பிரச்சனை கிரேடு இல்ல, நீளம். ஜிம் சுவர் பதினஞ்சு மீட்டர், அங்க 30, 35 மீட்டர் சாதாரணம். பாதி வழில முழங்கை கீழ கல்லு மாதிரி இறுகிடும், இன்னும் பாதி பாக்கி இருக்கும். ஜிம்ல ரெஸ்ட் எடுக்க யாரும் சொல்லித் தர்றதில்ல, எங்க நிக்கலாம்னு தேடுற கண்ணே வளர்றதில்ல. அதனால போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஜிம்ல 5சி ரூட்ட ஏறி இறங்கி உடனே மறுபடி ஏறுங்க. 6சிக்கு முட்டிக்கிறத விட அது பிரயோஜனம்.

2025 அக்டோபர் 19

ரோப். மேல ஒருத்தர் "60 மீட்டர் இருக்கு போதுமா"ன்னு கேட்டிருக்கார். போதாது. கணக்கு சிம்பிள், ஏறினவரை கீழ இறக்கணும்னா ரோப் போய்ட்டு வரணும், 60 மீட்டர் ரோப் 30 மீட்டர் ரூட்டுக்குத்தான், முடிச்சுக்கு போறத கழிச்சா அதுவும் முழுசா இல்ல. 70 வாங்குங்க, முடிஞ்சா 80.

அத விட முக்கியம் ரோப்போட அந்தப் பக்க முனைல ஒரு முடிச்சு. எனக்கு நடந்தது சொல்றேன். கைடு புக்ல 35 மீட்டர்னு போட்டிருந்த ரூட், எங்க ரோப் 70. பாறைக்கு கீழ சரிவு, வசதியா நிக்க இடம் பாத்து என் பார்ட்னர் கொஞ்சம் கீழ தள்ளி நின்னு பிலே (ஏறுறவருக்கு கீழ இருந்து ரோப்ப பிடிக்கிறது) பண்ணிட்டு இருந்தார். நான் ரூட் உச்சில இருக்குற ஆங்கர் வளையத்துல ரோப்ப கோத்துட்டு இறங்குறேன், சந்தோஷமா கடல பாத்துக்கிட்டு, திடீர்னு டக்குனு நின்னுட்டேன். கீழ பாத்தா தரை இன்னும் ரெண்டு ஆள் உயரம். முனைல இருந்த முடிச்சு கிரிகிரி (அவர் கைல இருந்த, ரோப்ப பிடிச்சு நிறுத்துற பிலே கருவி) வாயில வந்து அடைச்சு நிக்குது. அந்த முடிச்சு இல்லன்னா முனை கிரிகிரிய விட்டு உருவிட்டு போயிருக்கும், நானும் போயிருப்பேன். அப்புறம் அவர் சரிவுல மெதுவா மேல பாறைப் பக்கமா நடந்து வந்தார், அவர் நடந்து வந்த அளவுக்கு நான் கீழ இறங்கினேன், கால் ஒரு திட்டுல பட்டுது. அவ்வளவுதான். ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசல, அப்புறம் அவர் "பிஸ்கட் இருக்கா"ன்னு கேட்டார்.

ரோப் பைல கீழ் முனைய கட்டிடுங்க, இல்ல முடிச்சு போடுங்க. அந்த ஊர்ல ஒரு நாள் கூட இது இல்லாம ஏறாதீங்க.

2025 அக்டோபர் 20

"உங்க பார்ட்னர் மேலயே நின்னு பிலே பண்ணியிருக்கலாமே"ன்னு மூணு பேர் எழுதிட்டாங்க. பண்ணியிருக்கலாம் சார். அதான் முடிச்சு.

உங்க வீட்டுக்காரர் வெயிட் ஜாஸ்தின்னு சொன்னீங்கள்ல, அதுக்கு எடல்ரிட் ஓம்னு ஒண்ணு இருக்கு, முதல் போல்ட்ல மாட்டுறது, அவர் விழும்போது ரோப்ப உரசிப் பிடிச்சு உங்கள மேல தூக்கி எறியாம காப்பாத்தும். வெயிட் இல்லாதவங்க பிலே பண்ணும்போது முதல் போல்ட் வரைக்கும் பறந்து போய் முட்டிக்கிறது அடிக்கடி நடக்குறது. இல்லன்னா அவர் ரெண்டு பரோட்டா கம்மியா சாப்பிடலாம், ஆனா கிரீஸ்ல அது நடக்காது.

2025 அக்டோபர் 26

வெயில். இதத்தான் முதல்லயே எழுதியிருக்கணும், லியோனிடியோல நாள பிளான் பண்றதே வெயில வச்சுத்தான். பள்ளத்தாக்கு மேற்குல இருந்து கிழக்கு கடலுக்கு இறங்குது, நடுவுல டாஃப்னோன் ஆறு, ஆறுன்னா பாதி வருஷம் வெறும் கூழாங்கல்லு. ஊருக்கு மேல நிக்குற பெரிய சிவப்பு சுவர், கொக்கினோவ்ராகோஸ், தெக்க பாத்த மாதிரி இருக்கும், குளிர்காலத்துல அங்க நல்ல வெயில் விழும், டிசம்பர்ல டீஷர்ட்டோட ஏறலாம். எதிர்ப் பக்க நிழல் சுவருக்கு போனா அதே நாள் அதே நேரம் ஜாக்கெட்ட கழட்ட முடியாது, ஒவ்வொரு பிடியும் பிரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரி, விரல் மரத்துப் போய் எத பிடிச்சிருக்கோம்னே தெரியாது.

அதனால கைடுல கிரேடு பாக்குறதுக்கு முன்னாடி சூரியன் படத்த பாருங்க. பலமா ஏறுறவங்க நிழல் தேடுவாங்க, குளிர்ந்த பாறைல பிடி நல்லா நிக்கும்னு. நம்ம மாதிரி ஆளுங்க வெயில் தேடணும். டிசம்பர் கடைசில அஞ்சு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிரும், பத்து மணிக்கு காபி குடிச்சிட்டு கிளம்புற பழக்கம் இருந்தா பாதி நாள் போச்சு. ஹெட்லாம்ப் பைல எப்பவும் இருக்கட்டும்.

ஹெல்மெட்டும். ஆடு மேல நடக்கும், கல்லு கீழ வரும்.

2025 நவம்பர் 2

கார் பத்தி மேல "கண்டிப்பா"ன்னு எழுதினேன், இப்ப யோசிச்சா அப்படி சொல்லியிருக்க வேண்டாம். ஊருக்குள்ள தங்கினா நடந்தே போற செக்டர் (ரூட் கூட்டமா இருக்குற பாறைப் பகுதி) இருக்கு, அதுலயே உங்களுக்கு போதும் போதும்ங்கிற அளவு ரூட். ஏதென்ஸ்ல கிஃபிசோஸ் பஸ் ஸ்டாண்டுல இருந்து நேரா பஸ் உண்டு. அங்க போய்ட்டா ஏறுறவங்க எல்லாரும் சாயந்திரம் ஒரே கஃபேல தான் கிடப்பாங்க, நாளைக்கு யார் எங்க போறாங்கன்னு கேட்டா கார்ல இடம் கிடைச்சிரும். கார் இருந்தா தூர செக்டர், மழை வந்தா வேற பக்கம்னு போலாம், அது சௌகரியம்.

கார் எடுத்தா சின்ன கார் எடுங்க. ஊர்த் தெரு எல்லாம் கல்லு சுவருக்கு நடுவுல ஒரு வண்டி போற அகலம், மேப்ப நம்பி உள்ள போனா கண்ணாடி ரெண்டும் மடக்கிட்டு, எதிர்ல வர்ற பிக்கப்காரரோட கண்ணால பேசி, ரிவர்ஸ்ல வரணும். ஒரு தடவை ஒரு கம்பெனி (பேர் வேண்டாம்) காரத் திருப்பிக் கொடுக்கும்போது டார்ச் அடிச்சு ஒரு கீறலக் காட்டி டெபாசிட்ல பிடிச்சாங்க. எடுக்கும்போதே நாலு பக்கமும், வீல் ரிம்மும் சேத்து வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. இந்திய லைசென்ஸ் மட்டும் வச்சிருந்தா இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கைல வேணும்.

2025 நவம்பர் 9

சாப்பாடு கேட்டவங்களுக்கு. சைவம்னா கவலைப்படாதீங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாப்பது நாள் ஆர்த்தடாக்ஸ்காரங்க விரதம், நவம்பர் 15ல ஆரம்பிக்கும், அப்ப கடைல "நிஸ்தீசிமோ"ன்னு கேட்டா கறி, பால், முட்டை இல்லாதது கொடுப்பாங்க. ஆனா உஷாரு, இறாலும் கணவாயும் அவங்க கணக்குல விரதச் சாப்பாடு. தட்டுல காலு எட்டோட ஏதாச்சும் வந்தா அதிர்ச்சி ஆகாதீங்க. ஹோர்த்தான்னு காட்டுக்கீரைய வேக வச்சு எலுமிச்சையும் ஆலிவ் ஆயிலும் ஊத்தித் தருவாங்க, ரெண்டு நாள் பாறைல கிடந்துட்டு அத சாப்பிட்டா வேற எதுவும் வேண்டாம். பெரிய வெள்ளை பீன்ஸ் தக்காளில வேக வச்சது, மஞ்சப் பருப்பு மசிச்ச ஃபாவா. காரம் நீங்க கொண்டு போங்க.

கத்திரிக்காய்க்கு அந்த ஊர் பேர் போனது, ஐரோப்பிய யூனியன்ல ஊர் பேரோட பாதுகாப்பு வாங்கின ரகம், நீளமா, ஊதால வெள்ளை கீறலோட, கசப்பே இல்லாம லேசா இனிக்கும்ங்கிறாங்க. ஏன் "ங்கிறாங்க"ன்னா அது கோடைப் பயிர், நாம போற நேரத்துல செடில இருக்காது. பாட்டில்லதான் கிடைக்கும். ஒரு வீட்டு அம்மா சின்ன கண்ணாடித் தட்டுல ஒண்ணு வச்சு, பக்கத்துல ஸ்பூன், ஒரு கிளாஸ் தண்ணி. விரல் நீளக் கத்திரிக்காய், காம்போட முழுசா, பாகுல ஊறி கருப்பா பளபளன்னு, உள்ள ஒரு பாதாம் சொருகி. கிராம்பு வாசனை. தோல் பல்லுல லேசா தடுத்துட்டு அப்புறம் கரையுது. கத்திரிக்காய இனிப்பான்னு என் மூஞ்சி போன போக்கப் பாத்து அந்த அம்மா சிரிச்சாங்க, நான் ரெண்டாவது கேட்டதும் இன்னும் சிரிச்சாங்க. ஊருக்கு போனப்போ எங்கம்மாகிட்ட சொன்னேன், "எண்ணெய் கத்திரிக்காய்க்கு என்னடா குறைச்சல்"னு அதோட முடிச்சிட்டாங்க.

2025 நவம்பர் 16

கடல் பக்கத்துல போல்ட் துருப்பிடிக்காதான்னு ஒருத்தர் கேட்டிருக்கார், நல்ல கேள்வி, ஏன்னா கண்ணுக்குத் தெரியுற துரு கூட பயமில்ல, தெரியாததுதான் பயம். உப்புக் காத்து, சூடு, இழுவிசை மூணும் சேந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வெளிய பளபளன்னு இருந்துட்டு உள்ளுக்குள்ள விரிசல் விட்டு பட்டுனு உடையும். தாய்லாந்துல ரைலே பக்கம் கடலோரப் பாறைல அப்படித்தான் உடைஞ்சுது, அப்புறம் டைட்டானியம் போல்ட்ட பசை வச்சு ஒட்ட ஆரம்பிச்சாங்க. லியோனிடியோல பெரும்பாலான சுவர் கடலுக்கு மேலயே தொங்குறது இல்ல, உள்ள தள்ளி இருக்கு. இருந்தாலும் எங்க ஏறினாலும் நான் பாக்குறது: தொட்டா சுத்துதா, நட்டு தளர்ந்திருக்கா, ஆங்கர் வளையத்துல ரோப் உரசி பள்ளம் விழுந்திருக்கா. பள்ளத்தோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ரோப்ப அறுக்கும். அதனாலதான் டாப் ரோப் போட்டு (ரோப்ப உச்சில மாட்டி வச்சு) மாத்தி மாத்தி ஏறும்போது உங்க சொந்த குயிக்டிராவுல (ரெண்டு பக்கமும் கொக்கி இருக்குற பட்டை) போடுங்க, கடைசி ஆள் மட்டும் ஆங்கர் வளையத்துல கோத்து இறங்கட்டும்னு சொல்றது. எல்லாரும் வளையத்துலயே உரசினா அதுக்கு யாரோ காசு போட்டு மாத்தணும்.

அந்த காச யார் போடறாங்கன்னா, பல இடத்துல போல்ட் அடிக்கிறவங்களே கைக்காசுல. கடைல டப்பா வச்சிருந்தா போடுங்க. ஒரு நாள் ஜிம் டிக்கெட் காசாவது.

2025 நவம்பர் 17

மேல எழுதினத படிச்சிட்டு கேள்வி கேட்டவங்க "பயமுறுத்திட்டீங்க"ன்னு எழுதியிருக்காங்க. சாரி. எனக்கு இத விட காரோட்டுறதுதான் பயம், அதுவும் அந்த கடலோர ரோடு.

2025 டிசம்பர் 20, லியோனிடியோல இருந்து

வந்து சேந்தாச்சு. ஆலிவ் அறுவடை நடந்துட்டு இருக்கு, இத பத்தி யாரும் எழுதுறதில்ல. செக்டருக்கு போற ஒத்தையடிப் பாதை ஆலிவ் தோப்பு வழியாத்தான். மரத்துக்கு கீழ எல்லாம் பச்சை வலை விரிச்சிருக்கு. கூட்டமா வந்த நாலஞ்சு பேர், முதுகுல பை, நேரா வலை மேல நடந்து போறாங்க, ஒவ்வொரு அடிக்கும் காய் நசுங்குற சத்தம் எனக்கே கேக்குது. தோப்புக்காரர் பெரியவர், எழுபது இருக்கும், கைல நீளக் கம்பு, முனைல பிளாஸ்டிக் விரல் படபடன்னு ஆட்டுற மெஷின், ஜெனரேட்டர் சத்தத்துல அவர் கத்தினது அவங்களுக்கு கேக்கவே இல்ல. நாங்க ஓரச் சுவரை ஒட்டி சுத்திப் போனோம். மெஷின நிறுத்திட்டு எங்ககிட்ட வந்து ஏதோ சொன்னார், எனக்கு தெரிஞ்ச கிரேக்கம் "கலிமேரா"வும் (காலை வணக்கம்) பில் கேக்குறதும்தான், கைய காட்டினதுல புரிஞ்சது, வலைய மடிக்க ரெண்டு ஆள் வேணுமாம்.

பாறை எங்க ஓடப் போகுதுன்னு நின்னோம். வலையோட ரெண்டு மூலைய நாங்க தூக்க, ரெண்டு மூலைய அவரும் அவர் வீட்டம்மாவும். காய் எல்லாம் நடுவுக்கு உருண்டு வந்து சேருது, பச்சை, ஊதா, கருப்பு எல்லாம் கலந்து, கூட இலையும் குச்சியும். கனம்னா கனம். பிலே கையுறை போட்டிருந்தேன், அப்படியும் வலைக் கயிறு விரல அறுத்துது. அந்தம்மா கையாலயே பெரிய குச்சிய பொறுக்கி வீசிட்டு, மிச்சத்த சாக்குல சாய்ச்சாங்க. ஒரு சாக்கு நிறைய ஒரு மரம் பத்தல. இதுல தான் நாம காய நசுக்கிட்டு போறோம்.

சொல்ல வந்தது: வலைய மிதிக்காதீங்க, கம்பி வேலி கதவு மூடியிருந்தா மூடிட்டுப் போங்க, திறந்திருந்தா திறந்தே விடுங்க, டிராக்டர் போற வழில கார நிறுத்தாதீங்க. உலகத்துல எத்தனையோ பாறைல ஏறத் தடை போட்டதுக்கு காரணம் விபத்து இல்ல, பார்க்கிங்.

2025 டிசம்பர் 21

ஆலிவ் தோப்புக்காரரும் அவர் வீட்டம்மாவும் தங்களுக்குள்ள பேசினது கிரேக்க மாதிரியே இல்லையேன்னு என் பார்ட்னர் சந்தேகப்பட்டார் (அவருக்கு கொஞ்சம் கிரேக்கம் தெரியும்). கஃபேல விசாரிச்சா, சகோனியன்ங்கிற மொழி பேசுற பெரியவங்க இன்னும் இருக்காங்கன்னாங்க. இன்னைக்கு கிரீஸ்ல பேசுற மத்த கிரேக்க வழக்கெல்லாம் ஏதென்ஸ் பக்கத்து பழைய கிரேக்கம் வழியா வந்தது, இது மட்டும் ஸ்பார்டாக்காரங்க பேசின டோரிக்ங்கிற பழைய கிரேக்க வழக்குல இருந்து தனியா வந்தது, மலை நடுவுல மாட்டிக்கிட்டு பிழைச்சிருச்சு. பேசுறவங்க ரொம்பக் கொஞ்சம், பெரும்பாலும் வயசானவங்க. ஊர்ல போர்டே வச்சிருக்காங்க, எங்க மொழி சகோனியன், கேளுங்க, பேசிக் காட்டுவாங்கன்னு.

கீழ யாரும் "தமிழ்தான் மூத்தது"ன்னு ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ். போன தடவை ஒரு இழை அப்படித்தான் நாசமாப் போச்சு.

2025 டிசம்பர் 23

மழை. ராத்திரி முழுக்க. வெறும் கல்லா கிடந்த ஆத்துல தண்ணி ஓடுது, காப்பி நிறத்துல.

மழைன்னா லீவுன்னு நெனச்சோம், ஆனா சாய்ஞ்சு வெளிய நிக்குற சுவருக்கு கீழ காஞ்சே இருக்கு. அங்கதான் டூஃபா. கேள்வி கேட்டவங்க டூஃபான்னா என்னன்னு முன்னாடி கேட்டது ஞாபகம். மழைத்தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கி சுண்ணாம்ப கரைச்சு எடுத்துட்டு, ஒழுகுற இடத்துல அதையே படிய வச்சுட்டு போகும், ஆயிரக்கணக்கான வருஷத்துல அது சுவர விட்டு வெளிய தள்ளின தூணா நிக்கும். பிடிக்கிறதுக்கு விளிம்பு கிடையாது. ரெண்டு உள்ளங்கையாலயும் பக்கவாட்டுல அமுக்கணும், கால ரெண்டு பக்கமும் அணைச்சு, நல்ல இடம் வந்தா முட்டிய ஒரு தூணுக்கு அடில சொருகி பாதத்தால எதிர்ல தள்ளினா ரெண்டு கையும் ஃப்ரீ. ஃப்ரீன்னா நிஜமாவே, கூரைக்கு அடில கைய உதறிட்டு, மூக்க சொறிஞ்சிட்டு, கீழ இருக்குறவங்ககிட்ட பேசலாம். தொடை தோல் உரியும், அது வேற. தட்டிப் பாத்துட்டு பிடிங்க, டொக்குனு காலியா சத்தம் வந்தா விட்டுருங்க.

இன்னைக்கு ஒரு 6பி+ டூஃபால பாதி வரைக்கும் ராஜா மாதிரி போனேன். அப்புறம் தூணுக்குள்ள இருந்து தண்ணி ஒழுக ஆரம்பிச்சுது. சுவர் மேல விழுற மழை இல்ல, நேத்து மலை குடிச்சது. கை வழுக்குது, சாக் பவுடர் பேஸ்ட் ஆயிடுச்சு, குயிக்டிராவப் பிடிச்சு தொங்கினேன். அதுக்கும் மேல என்ன பண்ண. பெரிய மழைக்கப்புறம் டூஃபா ரெண்டு மூணு நாள் கழிச்சும் ஒழுகும், வானம் நீலமா இருக்கேன்னு நம்பாதீங்க.

2025 டிசம்பர் 27

ரெஸ்ட் டே. கோஸ்மாஸ்ங்கிற மலை ஊருக்கு போற ரோட்டுல எலோனா மடம், செங்குத்துப் பாறைல வெள்ளையா ஒட்டிட்டு இருக்கு. போல்ட் இல்லாத காலத்துல அங்க கல்லு மண்ணு தூக்கிட்டுப் போய் கட்டினவங்க முன்னாடி நாமெல்லாம் என்ன கிளைம்பர். ஷார்ட்ஸோட போகாதீங்க, முட்டி மூடணும். கோஸ்மாஸ் மேல போனா குளிர் எலும்புல ஏறுது, சதுக்கத்துல "பிளேன்"ங்கிற வகை ராட்சச மரங்க, இலை எல்லாம் கொட்டி.

அடிபட்டா என்ன பண்றதுன்னு கேட்டவருக்கு: ஊர்ல ஹெல்த் சென்டர் இருக்கு, தையல் மாதிரி சின்னதுக்கு. பெரிசுன்னா திரிபோலி, மலை தாண்டி. அவசரத்துக்கு 112. இன்ஷூரன்ஸ்ல மீட்புச் செலவு சேத்திருக்கான்னு பாருங்க, ஜெர்மனில இருக்குறவங்க ஆல்பைன் கிளப் (மலையேறுறவங்க சங்கம்) மெம்பர்னா அதோட வர்ற கவர் என்னன்னு கிளம்புறதுக்கு முன்னாடி படிங்க, பாறைக்கு கீழ உக்காந்து படிக்காதீங்க.

2026 ஜனவரி 6

திரும்பி வந்தாச்சு. கிரேடு பத்தி அக்டோபர்ல "லியோனிடியோல 6ஏ ஈஸி"ங்கிற மாதிரி எழுதினேன். இப்ப அத கொஞ்சம் பிரிச்சு சொல்றேன். புதுசா அடிச்ச ரூட்ல அது சரி, பாறை சொரசொரப்பா கால் நிக்குது. ஆனா ஊருக்கு பக்கத்துல, பார்க்கிங்ல இருந்து கிட்ட, 5சி 6ஏ நிறைய இருக்குற செக்டர்ல எல்லாரும் வார்ம் அப் பண்ணிப் பண்ணி கால் வைக்குற இடம் கண்ணாடி மாதிரி ஆயிட்டு வருது. கூட்டத்தோட அங்கயே நிக்காம இன்னும் இருபது நிமிஷம் மேல நடங்க.

2026 ஜனவரி 8

இவ்வளவும் எழுதினதுக்கப்புறம் கேள்வி கேட்டவங்க டிசம்பர்ல எங்கயும் போகலையாம், வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கலையாம், ஏப்ரல்ல கலிம்னோஸ் புக் பண்ணிட்டாங்களாம். நடத்துங்க. ஏப்ரல்னா கலிம்னோஸ் சூப்பர்தான், நானே சொல்வேன். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் 2026ல ஏப்ரல் 12, அந்த வாரம்னா ரூம் இப்பவே உறுதி பண்ணுங்க, அப்புறம் அங்க ஈஸ்டருக்கு மலை மேல இருந்து டைனமைட் வெடிக்கிற பழக்கம் உண்டு, ராத்திரி கட்டில்ல இருந்து துள்ளி எழுந்தா பூகம்பம் இல்ல. லியோனிடியோல அதே ராத்திரி காகித பலூன்ல தீ வச்சு வானத்துல விடுவாங்க, ஒவ்வொரு சர்ச்சும் போட்டி போட்டு, கப்பல்ல போனவங்க ஆசியப் பக்கம் பாத்துட்டு வந்து ஆரம்பிச்சதுன்னு ஊர்ல சொல்றாங்க. சத்தம் பிடிக்காதவங்க எங்க போகணும்னு உங்களுக்கே தெரியும்.

அந்த எடல்ரிட் ஓம் வாங்கினாங்களாம். அதுவாச்சும்.

2026 ஜனவரி 11

என் 70 மீட்டர் ரோப்போட ஒரு முனை பஞ்சு பஞ்சா ஆகி வெட்டிட்டேன், இப்ப 64 தான் இருக்கு, நடுவுல போட்ட அடையாளம் நடுவுல இல்ல. லியோனிடியோவுக்கு ஆகாது, ஜிம்முக்கு தாராளமா போதும். நியூரம்பெர்க் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, காசு வேண்டாம், நடு அடையாளத்த மட்டும் புதுசா போட்டுட்டு யூஸ் பண்ணுங்க.